அப்பிடித்தான் சுடும்

குருக்கள்மடத்தில் கல்முனை வீதியோரம் இருந்த தன் வீட்டின் முன்னறையில்தான் நிருஷா பியூட்டி பார்லர் நடத்தினாள். வாசலில் தொங்கிய பலகையில் மணப்பெண் அலங்காரம், ஃபேஷியல், திரெடிங் எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு எழுத்தில் ‘நிரந்தர முடி நீக்கம்’ என்று இருந்தது. ‘நிரந்தர’ என்பதைப் பெரிதாகப் போடவா என்று பலகை எழுதியவன் கேட்டபோது, பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரிப் போடு என்று சொன்னவள் அவளேதான். பின்னால் வந்ததற்கு வேறு யாரையும் கை காட்ட அவளுக்கு வழியில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவள் வீட்டு அடுப்பு எரிந்ததே முடி திரும்ப முளைப்பதால்தான். சவரக்கத்தியால் வழித்தால் இரண்டொரு நாளில் முள்முள்ளாகக் குத்தும். கிறீம் பூசினால் ஒரு வாரம் தாங்கினால் பெரிய காரியம். நூலால் எடுத்தால் இன்னும் கொஞ்சம் போகும். மெழுகு போட்டு இழுத்தால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அதே கதிரையில் வந்து உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? கடவுளாகப் பார்த்துத் தந்த தொழில் என்று அவளே பகிடி விடுவாள். ஆனால் மட்டக்களப்பு டவுனிலும் களுவாஞ்சிகுடியிலும் ‘லேசர்’ என்று ஆளாளுக்குப் பலகை மாட்டத் தொடங்கியதும் அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. இணையத்தில் தேடி, கையில் பிடித்து அடிக்கிற வெளிச்ச மெஷின் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துவிட்டாள்.

அவளோடு ஒன்றாகத் தொழில் பழகிய றபீக்கா காத்தான்குடியில் பார்லர் வைத்திருந்தாள். மெஷினைப் பார்க்க வந்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டாக்டர்மார் வைத்திருக்கும் லேசர் வேறு, இது வேறு என்றாள். இந்த வெளிச்சம் கறுப்பைத் தேடிப் போகிற சாமான். முடியும் கறுப்பு, நம்முடைய தோலும் கறுப்பு, இரண்டில் எது முடி என்று அதற்குத் தெரியாது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அடித்துப் பார்த்து, ஆளை அனுப்பிவிட்டு, தோல் என்ன சொல்கிறது என்று பொறுத்திருக்க வேண்டும். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள்.

“வெயில்ல காஞ்சு வாற புள்ளைகளுக்கு இதத் தொடாத நிருஷா. நிறம் இறங்குமட்டும் பொறுத்திரு.”

நிருஷா தலையை ஆட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெரிந்திருந்தது. அதுதான் அவளைக் கடைசிவரை தின்றது.

விதுசா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் அம்பிளாந்துறையில் இருந்தாள். பாலர் பாடசாலையில் ரீச்சர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிள்ளைகளுக்குக் கலர் பேப்பர் வாங்கப் போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற, ‘பாதை’ என்று ஊரில் சொல்லும் மிதவையில் ஏறி இந்தக் கரைக்கு வருவாள். களுவாஞ்சிகுடியில் தெரிந்த முகங்கள் அதிகம். குருக்கள்மடத்தில் அவளை யாருக்கும் தெரியாது. வந்தால் துப்பட்டாவைத் தாடையிலிருந்து எடுப்பதற்கு முன்பு கதவைப் பூட்டச் சொல்லுவாள்.

தாடையிலும் கழுத்தின் மேற்பக்கத்திலும் அவளுக்கு முடி வளர்ந்தது. பூனை மயிர் அல்ல, நல்ல கறுத்த தடித்த முடி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தொடங்கியது. கிளினிக்கில் ஹோர்மோன் என்றார்கள், குளிசை தந்தார்கள். குளிசையைத் தாய் கண்டால் என்ன ஏது என்று கேட்பாளே என்று பயந்து பாதியில் விட்டுவிட்டாள். கைப்பையின் அடியில், பிள்ளைகளின் மெழுகுப் பென்சில் பெட்டிக்குள் ஒரு சவரக்கத்தி வைத்திருந்தாள். வழித்து வழித்துத்தான் தடித்துப்போனது என்று தன்னையே நொந்துகொள்வாள். வழிப்பதால் முடி தடிக்காது, நுனி மொட்டையாக நிற்பதால் அப்படித் தெரிகிறது என்று நிருஷா பலமுறை சொல்லியும் அவள் நம்பவில்லை.

அவளுக்குப் பழுகாமத்து நிதுர்ஷனைப் பேசி, ஆனியில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வேறு ஊர்ப் பெண்களுக்குப் போகிற இடத்தில்தான் பயம். இவளுக்குத் தன் வீட்டிலேயே இனி ஒளிக்க இடமில்லை. விடிய எழும்பினால் பக்கத்தில் அவன். வெளிச்சத்தில் திரும்பிப் படுக்க முடியாது. கலர் பேப்பர் என்று சொல்லி எத்தனை காலத்துக்குப் பாதை ஏறுவது?

வைகாசியில் ஒருநாள் பின்னேரம் வந்து உட்கார்ந்தவள், நூலை எடுக்கப் போன நிருஷாவின் கையைப் பிடித்தாள்.

“இனி நூல் வேணாம் அக்கா. பலகையில போட்டிருக்கிறதச் செஞ்சு விடுங்க.”

நிருஷா அவளைப் பார்த்தாள். அந்த வாரம் பள்ளிக்கூட லீவு. வயல்வட்டையில் வேளாண்மைக்குள் புல்லுப் பிடுங்கும் தாய்க்குத் துணையாக நாள் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறாள். சட்டைக் கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே வேறு நிறம். கோடு கிழித்த மாதிரித் தெரிந்தது. றபீக்கா வாசலில் நின்று சொன்னது அப்படியே ஞாபகம் வந்தது. ஒரு பொட்டு அடித்துவிட்டு அடுத்த மாதம் வா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் கலியாணம். போகட்டும் என்று விட்டால் இவள் டவுனுக்குப் போவாள். அதோடு, பலகையைப் படித்துவிட்டு நம்பி வந்து கையைப் பிடித்தவள் இவள்தான். அந்தப் பெருமையும் சேர்ந்து அவள் வாயைக் கட்டிப்போட்டது.

ஒரே தடவையில் போகாது, மாதக்கணக்கில் வர வேண்டும், ஹோர்மோன் முடி என்றால் பிறகும் தலை காட்டும் என்றெல்லாம் நியாயமாகச் சொன்னாள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. தாடையை வழித்துத் துடைத்து, கண்ணைக் கட்டி, மெஷினைக் குறைந்த அளவில் வைத்து அடித்தாள். ஒன்றும் தெரியவில்லையே என்றாள் விதுசா. ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே ஊருக்குள் சொல்லுவாள்? நிருஷா அளவைக் கூட்டினாள். பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினாள். முடி பொசுங்கும் மணம் வந்தது.

“சுடுது அக்கா.”

“அப்பிடித்தான் சுடும். வேர் சாக வேணாமா?”

விதுசா கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல பிள்ளை, சொன்னதை நம்பிக் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் காலையில் போனில் ஒரு படம் வந்தது. தாடை நெடுகச் சதுரம் சதுரமாகச் சிவந்து, மேலே நீர் கோத்த கொப்புளங்கள். நிருஷா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கத்தாளை பூசு, ரெண்டு நாளில் காய்ந்துவிடும், பயப்படாதே என்று அனுப்பினாள். டாக்டரிடம் காட்டு என்று எழுதி, டாக்டர் யார் செய்தது என்று கேட்பாரே என்று அதை அழித்தாள். விதுசாவிடமிருந்து அதன் பிறகு பதில் இல்லை. நிருஷா போனை எடுத்தெடுத்துப் பார்த்தாள். ஆனால் தானாக அழைக்கவில்லை.

சில நாள் கழித்து, புருவம் எடுக்க வந்த ஒரு பெண் தலையைச் சாய்த்துக்கொண்டே ஊர்ப் புதினம் சொன்னாள். அம்பிளாந்துறையில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் போட்டு, இப்போது ரீச்சருக்கும் வந்துவிட்டதாம். பாவம், கலியாணப் பெண். முகத்தில்தான் அம்மாள் இறங்கியிருக்கிறாளாம். வேப்பிலை கட்டி, வெள்ளை விரித்துப் படுக்க வைத்திருக்கிறார்களாம். கலியாணத்தையும் தள்ளிப் போட்டாயிற்றாம்.

“வெயில் காலம்தானே,” என்றாள் நிருஷா.

சொல்லும்போது அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இதை மறைத்துப் பயனில்லை; அவளுக்கு ஆறுதலாக இருந்தது. கொப்புளத்துக்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டது. இனி யாரும் பலகையைப் பார்க்கப் போவதில்லை. அந்தப் பெண் போன பிறகுதான், தான் என்ன நினைத்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. பழியைத் தூக்கி அம்மாளின் தலையில் போட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அதுவும் ஊரெல்லாம் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற வைகாசியில். அம்மாள் வந்த வீட்டில் மருந்து கொடுக்க மாட்டார்கள் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெந்த தோலில் மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த நாள் இளநீர் இரண்டை வாங்கிக்கொண்டு பாதையில் ஏறினாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள். விதுசாவின் தாய் புஸ்பம், ரீச்சருக்குத் தெரிந்த அக்காவா என்று மட்டும் கேட்டு, கால் கழுவத் தண்ணீர் தந்து உள்ளே விட்டாள். மனுசி ஆள் பாதியாகி இருந்தாள். சடங்குக்காக அம்மன் கோயில் கதவு திறக்கிற நாளுக்கு முன்பே கலியாண உடுப்பு எடுக்கப் போனது தன் பிழை, அதுதான் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம் இருக்கிறாளாம். நிருஷா இளநீரை ஒரு மூலையில் வைத்தாள்.

விதுசா வெள்ளைச் சீலைக்குள் கிடந்தாள். மஞ்சள் காய்ந்து வெடித்த இடங்களில் சீழ் கட்டியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. தாய் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவள் நிருஷாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“சொல்லிராதீங்க அக்கா. அம்மாள் வந்த தழும்பு எண்டா ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. தாடி வளருது எண்டு தெரிஞ்சா நான் எப்பிடி வெளிய போவன்?”

சொல்ல வந்தவளுக்கு இதைவிட வசதியான வார்த்தை வேறு என்ன வேண்டும்? பிள்ளையே கேட்டுவிட்டது, மானத்தைக் காப்பாற்று என்கிறது, நான் என்ன செய்ய என்று நிருஷா தன் மனதுக்குச் சொன்னாள். நல்லாகிவிடும் என்று அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து வந்தாள். பாதையில் திரும்பி வரும்போது மரக்கட்டை மாதிரி நின்றாள். விதுசா கேட்டது தன் மானத்துக்காக. நிருஷா வாயை மூடியது தன் பலகைக்காக. இரண்டும் ஒன்றல்ல என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் வீட்டுக்குப் போய்க் கடை திறந்தாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே புஸ்பம் அவளைத் தேடி வந்தாள். பார்லருக்குள் அதுவரை கால் வைக்காதவள்; கண்ணாடியைப் பார்க்கவே கூச்சப்பட்டு, கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். காய்ச்சல் விடவில்லை, பிள்ளை வாய் திறந்து கஞ்சி குடிக்கவே கஷ்டப்படுகிறது என்றாள். அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாளாம். சடங்கின் கடைசி நாள், குளிர்த்தி அன்று, தலைமுடி முழுவதையும் கொடுப்பதாக. சலூனில் ஆம்பிளைகளுக்கு முன்னால் போய் உட்கார முடியாது. காய்ச்சலில் மகள் வாயில் அடிக்கடி வந்த பெயர் என்பதால், விசாரித்துக்கொண்டு இங்கே வந்தாளாம். இப்போது வெட்டிக் கட்டையாக்கிவிட்டால், அன்றைக்கு அங்கே வழிக்க லேசாக இருக்கும்.

சொல்லிக்கொண்டே கொண்டையை அவிழ்த்தாள். கதிரையைத் தாண்டி விழுந்தது முடி. நரை ஓடியிருந்தாலும் அடர்த்தியான, எண்ணெய் வைத்துப் பேணிய முடி. நிருஷா கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். எடுத்த கை அப்படியே நின்றது.

“யோசிச்சுத்தான் வந்தீங்களா மாமி?”

“முடிதானே புள்ள, மறுகா முளைச்சிரும். அவள்ட முகம் முளைக்குமா?”

நிருஷா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். கதிரைக்கு முன்னால் வந்து, நிலத்தில் உட்கார்ந்தாள். அது அம்மாள் இல்லை என்று சொன்னாள். தாடையில் முடி வளர்வதையும், பிள்ளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இங்கே வந்ததையும், மெஷினையும், வெயிலில் காய்ந்த தோல் என்று கண்ணால் கண்டும் அடித்ததையும் சொன்னாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று பிள்ளை கெஞ்சியதையும், அதைச் சாட்டாக வைத்துத் தான் பேசாமல் இருந்ததையும் சொன்னாள். எதையும் மிச்சம் வைக்கவில்லை. அழ வேண்டும் போல இருந்தது. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

புஸ்பம் கத்தவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் நிருஷாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“சுடுது எண்டு சொன்னவளா?” என்று கேட்டாள்.

“ஓம் மாமி. சொன்னவள்.”

“நீ என்ன சொன்ன நீ?”

நிருஷா மேசைமேல் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள். தாய் விடவில்லை, பார்த்தபடியே இருந்தாள். கடைசியில் சொன்னாள். புஸ்பம் முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். கொண்டை நிற்கவில்லை, மறுபடியும் போட்டாள். பிறகு எழுந்து, ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடிக்க யாரிடம் கேட்கலாம் என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நிருஷாவும் போனாள். வா என்று யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. டாக்டர் மஞ்சளைக் கழுவித் துடைத்துப் பார்த்துவிட்டு, சூட்டுக் காயத்தை ஏன் இத்தனை நாள் இப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். முதல் நாளே வந்திருந்தால் அடையாளமே இல்லாமல் மாறியிருக்கும் என்றார். தாய் நிலத்தைப் பார்த்தாள். நிருஷா ஒரு அடி முன்னால் வந்து, என்னால்தான் என்றாள். டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஊசிக்கு எழுதினார். காயம் ஆறும், ஆனால் தாடையின் இடப் பக்கம் தழும்பு நிற்கும். அந்த இடத்தில் இனி முடி முளைக்காது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நிருஷா கட்டிலருகே போய் மன்னிப்புக் கேட்டாள். விதுசா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெஷினில் சுட்டதற்காக அல்ல, தாயிடம் சொன்னதற்காக. அதை நிருஷா புரிந்துகொண்டாள். சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். பிந்திச் சொன்னதுதான் பிழை. ஊருக்கு வந்ததும் ஏணி வைத்துப் பலகையைத் தானே கழற்றினாள்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. புஸ்பமே பழுகாமத்துக்குப் போய், மாப்பிள்ளையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாளாம். அவன், அவளுக்கு இப்போது சாப்பிட முடிகிறதா என்று கேட்டானாம். இதெல்லாம் நிருஷாவின் காதுக்கு எட்டிய கதை. அலங்காரத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு காலையில் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நிதுர்ஷன் உள்ளே வராமல் வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டான். விதுசா உள்ளே வந்தாள். கதவைப் பூட்டச் சொல்லவில்லை. நேரே கதிரையில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தாள். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காமல் நிருஷா நூலை எடுத்தாள்.

வலப் பக்கமும் கழுத்திலும் முடி பழையபடி வளர்ந்திருந்தது. கிளினிக்குக்குப் போவதாகவும், இந்த முறை குளிசையை ஒழுங்காகக் குடிப்பதாகவும் விதுசா சொன்னாள். இடப் பக்கம், காதுக்குக் கீழிருந்து நாடிவரை, வழுவழுவென்று ஒரு தழும்பு. சுற்றிலும் கறுத்து, நடுவில் வெளிறி, சதுரத்தின் மூலை அப்படியே தெரிந்தது. அதில் ஒரு முடிகூட இல்லை.

“அதில மட்டும் முளைக்கல்ல அக்கா. உங்கட பலகையில போட்டிருந்தது சரிதான்.”

குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று நிருஷாவுக்கு விளங்கவில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும் சுட்டது. நூலைப் பல்லில் கடித்து, விரல்களில் முறுக்கிக் குனிந்தாள். வலப் பக்கத்தை எடுத்து முடித்துக் கழுத்துக்கு வந்து, தழும்பின் ஓரத்தை நெருங்கியபோது விதுசாவின் கை தானாகப் போய்க் கதிரையின் கைப்பிடியைப் பிடித்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வாயும் திறக்கவில்லை. சொல்லிப் பயனில்லை என்று ஒருமுறை பழகியவள் அல்லவா.

நிருஷா நிறுத்தினாள். பல்லில் கடித்திருந்த நூலை விட்டாள்.

“சுட்டாலும் நொந்தாலும் சொல்லு விதுசா. சொன்ன உடனே நிப்பாட்டுவன்.”

விதுசா கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள். பிறகு கைப்பிடியை விடாமலே, “இப்ப நோகுது,” என்றாள்.

நிருஷா நூலைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் நின்றாள்.